அத்தியாயம் 7: பேக்கப் சர்வருக்கு இடம் பார்த்தல்

பேக்கப் அப்ளையன்ஸ் என்றால் ஒரு காலத்தில் ரேக்கில் பூட்டும் தனிப் பெட்டி. இப்போது பெரும்பாலும் அது ஒரு ஃபைல். டவுன்லோடு செய்து ஹைப்பர்வைசரில் ஏற்றினால் இயங்குதளம், பேக்கப் மென்பொருள், நிர்வாகத் திரை எல்லாம் சேர்ந்த முழு சர்வர் அரை மணி நேரத்தில் எழுந்து நிற்கும். இதைத்தான் விர்ச்சுவல் அப்ளையன்ஸ் என்கிறோம். நிறுவுவது இவ்வளவு சுலபமாகிவிட்டதால் திட்டமிடும் வேலையைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பேக்கப் கைவிட்ட அலுவலகங்களுக்கு நான் போய்ப் பார்த்தபோதெல்லாம் இன்ஸ்டால் சரியாகவே இருந்தது. எங்கே வைத்தோம், எத்தனை நாளுக்கு வைத்தோம், சாவி யாரிடம், திரும்ப எடுத்துப் பார்த்தோமா என்ற கேள்விகளில் ஏதாவது ஒன்றுக்குத்தான் பதில் இல்லாமல் இருந்தது.

இந்த அத்தியாயத்துக்குத் திருப்பூரில் உள்ள ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தை மாதிரியாக வைத்துக்கொள்வோம். ஒரே சர்வர். அதில் ப்ராக்ஸ்மாக்ஸ் விஇ போட்டு மூன்று விர்ச்சுவல் மெஷின்கள் ஓடுகின்றன. ஒன்றில் டேலி. இன்னொன்றில் நூல், சாயம், தையல், ஷிப்மென்ட் கணக்கெல்லாம் இருக்கும் ஈஆர்பி டேட்டாபேஸ். மூன்றாவது ஃபைல் சர்வர். டிசைன் படங்கள், டெக் பேக், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் அங்கே. மூன்றும் சேர்ந்து 1.2 டெராபைட். பேக்கப்புக்கு ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரை எடுத்துக்கொள்கிறேன். டெபியன் லினக்ஸ் மீது கட்டப்பட்டது, முதல் நிலையான பதிப்பு 2020 நவம்பரில் வந்தது, லைசன்ஸ் கட்டணம் இல்லை. வீம், நகிவோ என்று வேறு எதை வைத்திருந்தாலும் கீழே சொல்லும் கணக்குகளும் முடிவுகளும் பெரிதாக மாறாது.

முதலாளியிடம் கேட்க வேண்டியது

மென்பொருளைத் தொடுவதற்கு முன் முதலாளியின் மேஜைக்கு முன்னால் அரை மணி நேரம் உட்காருங்கள். கேட்க வேண்டியது இரண்டே கேள்விகள். எத்தனை மணி நேர வேலை தொலைந்தால் தாங்கிக்கொள்வீர்கள்? சர்வர் விழுந்தால் எத்தனை மணி நேரத்தில் எழ வேண்டும்?

“எதுவுமே போகக் கூடாதுங்க தம்பி, உடனே வரணும்” என்பதுதான் எங்கும் கிடைக்கும் முதல் பதில். அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். “சரிங்கண்ணா, நேத்து மத்தியானத்துக்கு அப்புறம் போட்ட பில்லை எல்லாம் மறுபடி போடச் சொன்னா அக்கவுன்ட்ஸ்ல எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டுப் பாருங்கள். கணக்குப் பார்க்கும் அக்காவைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். பேப்பரில் பில் இருக்கிறது, ஒரு நாள் வேலை போனால் மறுநாள் உட்கார்ந்து ஏற்றிவிடலாம் என்பார் அவர். ஈஆர்பி அப்படியில்லை. எந்த பண்டில் எந்த லைனில் நிற்கிறது என்பது அந்தத் திரையில் மட்டுமே இருக்கும். அது நான்கு மணி நேரத்துக்கு மேல் போனால் ஷிப்மென்ட் தடுமாறும். பழைய சீசன் டிசைன்கள் ஒரு வாரம் கழித்து வந்தாலும் யாரும் தேட மாட்டார்கள். இந்த மூன்று பதில்களையும் ஒரு தாளில் எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பேக்கப் அட்டவணை அதிலிருந்துதான் பிறக்கும்.

எத்தனை காலம் வைத்திருப்பது என்பதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனிகள் சட்டம் 8 நிதியாண்டு கேட்கிறது. கணினியில் கணக்கு வைத்திருக்கும் கம்பெனி அதன் பேக்கப்பை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் எடுத்திருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதியைத் திருத்தினார்கள். கிளவுடில் இடம் வாங்கினால் டேட்டா சென்டர் மும்பையா சிங்கப்பூரா என்று பார்த்து வாங்குங்கள்.

இடக் கணக்கு

மாதிரி அலுவலகத்தில் தினமும் மாறும் டேட்டா சுமார் 25 ஜிபி என்று வைப்போம். தினசரிப் பிரதி 14, வாரப் பிரதி 8, மாதப் பிரதி 12 வைத்துக்கொள்ள முடிவு செய்கிறோம். பேக்கப் சர்வர் விர்ச்சுவல் டிஸ்க்கை 4 எம்பி துண்டுகளாக வெட்டி, ஒரே மாதிரியான துண்டை ஒரு முறை மட்டுமே சேமிக்கும். ஆகவே ஒவ்வொரு நாளும் 1.2 டிபி எழுதப்படுவதில்லை. மாறிய துண்டுகள் மட்டும் சேரும். முதல் பிரதி 1.2 டிபி. 14 நாளுக்கு 350 ஜிபி. வாரத்துக்கு 100 ஜிபி வீதம் 8 வாரம், 800 ஜிபி. மாதத்துக்கு 300 ஜிபி வீதம் 12 மாதம், 3.6 டிபி. கூட்டினால் ஏறக்குறைய 6 டிபி.

வாரத்துக்கு 150 வர வேண்டுமே, ஏன் 100 என்று கேட்கலாம். டேட்டாபேஸ் அதே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதும். திங்கள் முதல் சனி வரை ஆறு முறை மாறிய துண்டின் கடைசி வடிவம் மட்டும்தான் வாரப் பிரதியில் நிற்கும். சுருக்கத்தையும் நான் இதில் கழிக்கவில்லை. டேலியும் டேட்டாபேஸும் நன்றாகச் சுருங்கும். ஜேபெக் படமும் வீடியோவும் சுருங்காது. கழிக்காமல் வைத்த அந்தப் பங்கு அடுத்த ஆண்டின் வளர்ச்சிக்கு. 6 டிபி வேண்டுமென்றால் பயன்படுத்தக் கூடிய இடமாக 8 டிபி வாங்குங்கள். டேட்டாஸ்டோர் 80 சதவீதம் தாண்டும் நாளில் புது டிஸ்க்குக்கு ஆர்டர் போட்டுவிட வேண்டும்.

ரேம் கணக்கு எளிது. பேக்கப் சர்வருக்கு 4 ஜிபி, அதன் மேல் சேமிப்பிடம் ஒவ்வொரு டிபிக்கும் 1 ஜிபி. 8 டிபிக்கு 12 ஜிபி ஆகிறது. நான்கு கோர், 32 ஜிபி சிஸ்டம் டிஸ்க் போதும்.

டிஸ்க் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 6 டிபி என்றால் குறைந்தது 14 லட்சம் துண்டு ஃபைல்கள். பழைய பிரதிகளை நீக்கியபின் எந்தத் துண்டு இனி யாருக்கும் தேவையில்லை என்று கண்டுபிடிக்க, குப்பை அகற்றும் வேலை பயன்பாட்டில் உள்ள துண்டு ஒவ்வொன்றையும் போய்த் தொட்டுவிட்டு வரும். விலை குறைந்த நாஸ் பெட்டியை என்எஃப்எஸ் வழியாக இணைத்தால் இந்த வேலை மணிக்கணக்கில் இழுக்கும். இரண்டு 8 டிபி ஹார்ட் டிஸ்க்கை இசட்எஃப்எஸ் மிரராகப் போட்டு, ஃபைல் விவரங்களுக்கு மட்டும் இரண்டு சிறிய எஸ்எஸ்டியை ஸ்பெஷல் டிவைஸாகச் சேர்த்தால் நல்ல வேகம் கிடைக்கும். எஸ்எஸ்டி இரண்டாகத்தான் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் போட்டு அது செத்துப்போனால் முழு டேட்டாஸ்டோரும் அதோடு போய்விடும்.

எந்த மெஷினில்?

விர்ச்சுவல் அப்ளையன்ஸில் உள்ள பெரிய பொறி இதுதான். ஏற்கெனவே ஒரு ஹைப்பர்வைசர் ஓடிக்கொண்டிருக்கிறது, இடமும் இருக்கிறது. அதிலேயே நான்காவதாக ஒரு விஎம்மாக பேக்கப் சர்வரை ஏற்றிவிடத் தோன்றும். செலவும் இல்லை. பச்சை விளக்குகள் எரியும், தினமும் வெற்றி என்று மெயில் வரும். ஒரு நாள் ரெய்டு கார்டு போனால் நான்கும் சேர்ந்து போகும். வீட்டுச் சாவியின் நகலை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை.

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தது. ஒரு கட்டடம் முழுதாகச் சாம்பல். அதே வளாகத்தில் பேக்கப் வைத்திருந்தவர்கள் அசலையும் நகலையும் ஒரே இரவில் இழந்தார்கள். நம் ஊரில் தீயைவிடத் தண்ணீருக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் தரைத்தளங்களுக்குள் புகுந்தபோது மேஜைக்கடியில் இருந்த சர்வரை மட்டும் நனைத்து, பக்கத்து டிஸ்க்கை விட்டுவிடவில்லை.

ஆகவே இரண்டாவது மெஷின் கட்டாயம். தயாரித்தவர்களே பேக்கப் சர்வரைத் தனி மெஷினில் நேரடியாகப் போடச் சொல்கிறார்கள். நான் சற்று மாற்றிச் செய்வேன். 32 ஜிபி ரேம் உள்ள ஒரு சாதாரண டவர் மெஷினை வாங்கி, அதிலும் ப்ராக்ஸ்மாக்ஸ் விஇ போட்டு, அதற்குள் பேக்கப் சர்வரை விஎம்மாக வைத்து, டிஸ்க்குகளை நேரடியாக அந்த விஎம்முக்கு ஒப்படைப்பேன். காரணம், பெரிய சர்வர் படுத்த காலையில் புது மதர்போர்டு வரும்வரை டேலியையும் ஈஆர்பியையும் இந்த டவரிலேயே மீட்டு ஓட்டிவிடலாம். கொஞ்சம் மெதுவாக ஓடும். ஆனால் பில் போடலாம், லாரி கிளம்பும். இந்த டவரை சர்வர் அறையில் வைக்காமல் வேறு மாடியில், தனி யுபிஎஸ்ஸில் வையுங்கள். டவரின் மற்ற விஎம்களுக்கு பேக்கப் அட்டவணை போடும்போது பேக்கப் சர்வரின் விஎம்மை அதில் சேர்க்காதீர்கள். தன்னைத் தானே பேக்கப் எடுக்க முயன்று முட்டி நிற்கும்.

நிறுவுதல்

ஐஎஸ்ஓ ஃபைலை ஏற்றி விஎம்மைப் பூட் செய்தால் நிறுவி கேட்கும் கேள்விகள் ஐந்தாறுதான். நேர மண்டலம் ஆசியா கொல்கத்தா, ஐபி முகவரி நிலையானது. முடிந்ததும் பிரவுசரில் 8007 போர்ட்டில் நிர்வாகத் திரை திறக்கும். டிஸ்க்குகளைச் சேர்த்து டேட்டாஸ்டோர் உருவாக்குங்கள். இங்கிருந்துதான் நிதானம் வேண்டும்.

பெரிய சர்வர் பேக்கப் சர்வருக்குள் நுழைய ரூட் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். ரான்சம்வேர் போடுகிறவர்கள் முதலில் தேடுவது பேக்கப்பை அழிக்கும் வழியைத்தான். தனிப் பயனர் ஒன்றை உருவாக்கி, அதற்கு ஏபிஐ டோக்கன் எடுத்து, டேட்டாஸ்டோர்பேக்கப் என்ற பாத்திரத்தை மட்டும் கொடுங்கள். அந்த டோக்கனால் பிரதி எடுக்கலாம், தன் பிரதியைத் திரும்பப் பெறலாம். பழையதை நீக்க முடியாது. பயனருக்கு ஒரு முறை, டோக்கனுக்கு ஒரு முறை என்று உரிமையை இரண்டு இடத்திலும் தர வேண்டும். ஒன்றை மறந்தால் டேட்டாஸ்டோர் கண்ணுக்கே தெரியாது, அரை நாள் தலையைச் சொறிய வேண்டியிருக்கும். நீக்கும் வேலையைப் பேக்கப் சர்வரே தன் பக்கத்து அட்டவணையில் செய்யட்டும்.

அடுத்தது என்கிரிப்ஷன் சாவி. பெரிய சர்வரில் இந்தச் சேமிப்பிடத்தைச் சேர்க்கும்போது சாவியை உருவாக்கச் சொல்லலாம், உருவாக்குங்கள். உருவான சாவி எங்கே உட்காருகிறது என்று கவனியுங்கள். பெரிய சர்வருக்குள்ளேயே. எந்த மெஷின் செத்தால் பேக்கப் தேவைப்படுமோ அதே மெஷினுக்குள். சாவி இல்லாத பேக்கப்பை அதைத் தயாரித்த நிறுவனத்தாலும் திறக்க முடியாது. அதனால் திரையில் சாவி தோன்றும் அந்த நிமிடத்திலேயே இரண்டு தாளில் அச்செடுத்துவிடுங்கள். க்யூஆர் கோடோடு அச்சிட வசதி இருக்கிறது. ஒரு தாள் அலுவலக பீரோவில் பத்திரங்களோடு, இன்னொன்று முதலாளி வீட்டில். பென் டிரைவில் ஒரு பிரதி. டேட்டாஸ்டோரின் பெயர், ஐபி, பாஸ்வேர்டு எல்லாம் அதே உறையில்.

அட்டவணை

ஈஆர்பிக்குப் பகலில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, மற்ற இரண்டுக்கும் இரவு 1 மணிக்கு. திருப்பூரில் ஷிப்மென்ட் நேரத்தில் அலுவலகம் பதினொரு மணி வரை விழித்திருக்கும், அதனால் ஒன்பது மணிக்கு வைக்காதீர்கள். எல்லா விஎம்மிலும் கெஸ்ட் ஏஜென்ட் போட்டிருக்க வேண்டும். பிரதி எடுக்கும் கணத்தில் அதுதான் ஃபைல் சிஸ்டத்தை உறைய வைக்கும். அதையும் மீறி, ஈஆர்பி டேட்டாபேஸுக்கு உள்ளேயே தினமும் ஒரு டம்ப் எடுத்து வைப்பது நல்லது. விஎம் முழுவதையும் திருப்பாமல் ஒரு டேபிளை மட்டும் மீட்க அது கைகொடுக்கும்.

ஒரு விஷயத்தைப் பார்த்துப் பலர் பயந்துபோய் போன் செய்வார்கள். தினமும் பத்து நிமிடத்தில் முடியும் பேக்கப், மாதாந்திர பராமரிப்பு மின்தடைக்கு மறுநாள் மட்டும் மணிக்கணக்கில் ஓடும். விஎம் ஓடிக்கொண்டிருக்கும்வரை எந்தத் துண்டு மாறியது என்ற குறிப்பை அது நினைவில் வைத்திருக்கும். விஎம்மை முழுக்க நிறுத்தினால் அந்தக் குறிப்பு அழிந்துவிடும். அடுத்த முறை டிஸ்க் முழுவதையும் படித்துத்தான் மாற்றத்தைக் கண்டுபிடிக்க முடியும். சேமிக்கப்படுவது என்னவோ மாறிய துண்டு மட்டும்தான். இது கோளாறு இல்லை.

நீக்கும் வேலை தினமும் அதிகாலை 4 மணிக்கு, குப்பை அகற்றுவது ஞாயிறு காலை, சரிபார்ப்பு சனி இரவு. கடைசியாகச் சொன்ன சரிபார்ப்பை விட்டுவிடாதீர்கள். எழுதிய துண்டு டிஸ்க்கில் அப்படியே இருக்கிறதா என்று கூட்டுத்தொகை போட்டுப் பார்ப்பது அதுதான். மார்ச் 31 கணக்கு முடிந்து ஆடிட்டர் கையெழுத்துப் போட்டதும், அன்றைய டேலி பிரதியைத் திரையில் பாதுகாக்கப்பட்டது என்று குறித்துவிடுங்கள். எந்த அட்டவணையும் அதைத் தொடாது. கூடவே டேலி டேட்டா ஃபோல்டரைத் தனியாக ஒரு டிஸ்க்கிலும் ஏற்றி வையுங்கள். எட்டு ஆண்டு கழித்து இந்த விஎம்மை ஓட்ட ஒரு ஹைப்பர்வைசர் கையில் இருக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

வெளியூர்ப் பிரதி

மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்ற விதியை வகுத்துச் சொன்னவர் பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர். படச்சுருள் காலம் போய் எல்லாம் ஃபைலாக மாறியபோது புகைப்படக்காரர்களுக்காக அவர் சொன்னது இன்று எல்லோருக்கும் பொருந்துகிறது. மாதிரி அலுவலகத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு தையல் யூனிட் இருக்கிறது என்று வைப்போம். அங்கே இரண்டாவது பேக்கப் சர்வர். அங்கிருந்து இங்கே வந்து இழுத்துக்கொள்வதாக அமையுங்கள். இங்கிருந்து தள்ளுவதாக வேண்டாம். இழுக்கும்போது நுழைவுச் சாவி தூர சர்வரிடம் மட்டுமே இருக்கும், அலுவலகத்தைக் கைப்பற்றியவனால் யூனிட்டுக்குள் போக முடியாது.

அப்லோட் வேகம் 20 எம்பிபிஎஸ் என்றால் முதல் 1.2 டிபி போய்ச் சேர ஐந்தரை நாள் ஆகும். அதனால் இரண்டாவது சர்வரை முதலில் அலுவலகத்துக்கே கொண்டு வந்து, கிகாபிட் ஸ்விட்சில் மாட்டி, மூன்று நான்கு மணி நேரத்தில் நிரப்பி, காரில் எடுத்துச் செல்லுங்கள். அதன்பின் தினமும் போகும் 25 ஜிபிக்கு மூன்று மணி நேரம்கூட ஆகாது.

மெயில் யாருக்குப் போகிறது

ஓர் அலுவலகத்தில் நான் அமைத்துக் கொடுத்த பேக்கப் ஒன்றரை மாதம் நின்று போயிருந்தது. டிஸ்க் நிறைந்துவிட்டது, தினமும் தோல்வி என்று மெயிலும் போயிருக்கிறது. போன முகவரி, வேலையை விட்டுப் போய்விட்ட பையனுடையது. மெயில் முகவரியாக ஒரே ஆளின் பெயரைப் போட்டது நான்தான். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும், வெளியிலிருந்து பராமரிப்பவருக்கும் சேர்த்தே போடுகிறேன். வெற்றி மெயிலையும் நிறுத்துவதில்லை. அது வராத நாள்தான் முதல் எச்சரிக்கை.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மை டேட்டாபேஸின் ஃபோல்டரை அழித்தார். தினசரி டம்ப் எடுக்கும் நிரலும் டேட்டாபேஸும் வேறு வேறு பதிப்பாக இருந்ததால் டம்ப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வி மெயில்களை மெயில் சர்வர் ஏற்காமல் திருப்பிவிட்டது. பிரதிகள் இருக்க வேண்டிய இடம் காலி. சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் எடுத்து வைத்த ஸ்நாப்ஷாட்தான் அவர்களைக் காப்பாற்றியது. நடந்தது முழுவதையும் அவர்களே வெளிப்படையாக எழுதி வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்கு இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் கடமைப்பட்டிருக்கிறோம்.

திரும்ப எடுத்துப் பார்ப்பது

மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மாலையை இதற்கு ஒதுக்குங்கள். பெரிய சர்வரைத் தொடக் கூடாது. டவர் மெஷினில், பீரோவில் இருக்கும் தாளிலிருந்து சாவியை எடுத்து, டேலி விஎம்மைப் புது எண்ணில் மீட்டெடுங்கள். பூட் செய்வதற்கு முன் அதன் நெட்வொர்க் கார்டின் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். மறந்தால் ஒரே ஐபியில் இரண்டு டேலி சர்வர் எழுந்து உண்மையானதோடு சண்டை போடும். மீட்கத் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விஎம் எழுந்ததும் கம்பெனியை நீங்கள் திறக்காதீர்கள். கணக்குப் பார்க்கும் அக்காவை உட்கார வையுங்கள். அவர் டே புக்கைத் திறந்து, கடைசி வவுச்சரின் எண்ணைக் கையிலிருக்கும் பில் புத்தகத்தோடு ஒப்பிட்டு, “நேத்து சாயங்காலம் போட்ட சாயப்பட்டறை பில்லு இருக்குங்க தம்பி” என்று சொல்லும்வரை மீட்பு முடிந்ததாக எழுத வேண்டாம். விஎம் பூட் ஆகிவிட்டது என்பது நமக்குத் திருப்தி தரும். அவர் பார்ப்பது கணக்கை. இரண்டும் ஒன்று இல்லை என்று எனக்குக் காட்டியவரும் அப்படி ஒரு அக்காதான். திரையில் எல்லாம் சரியாக எழுந்து நின்றது. கம்பெனி பட்டியலில் புது நிதியாண்டுக்குப் பிரித்த கம்பெனி மட்டும் காணவில்லை. அதை யாரோ தங்கள் கம்ப்யூட்டரின் டி டிரைவில் வைத்திருந்தார்கள். பேக்கப் வட்டத்துக்குள் அது வந்ததே இல்லை.

ஃபைல் சர்வர் வரை முழுதாக மீட்டுப் பார்ப்பது ஆண்டுக்கு ஒரு முறை போதும். 1.2 டிபியைக் கிகாபிட் வழியில் கொண்டுவர மூன்று மணி நேரம் ஆகும். டிஸ்க் மெதுவாக இருந்தால் அதற்கு மேலும். முதலாளி கையெழுத்துப் போட்ட தாளில் இருக்கும் மணிக்கணக்குக்குள் இது அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்கவில்லை என்றால் அன்றே அவரிடம் சொல்லி, கூடுதல் எஸ்எஸ்டி வாங்குவதா, தாளில் எண்ணை மாற்றுவதா என்று முடிவெடுக்கச் செய்யுங்கள்.

இந்தப் புத்தகத்தை மூடுவதற்கு முன் காலண்டரில் ஒரு சனிக்கிழமையைக் குறித்துவிடுங்கள். அக்காவிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அவர் ஊருக்குப் போகும் வாரமாக இருக்க வேண்டாம்.